குளத்து வண்டலும் காலக்கணிப்பும்

கடையநல்லூர் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர். அதனைச் சூழ்ந்த குளங்கள் மலைநீரோடு வண்டலையும் ஏற்பன. அவ்வண்டலில் குழாய் இறக்கி, அடிப்படிவின் காலமே குளத்தின் காலம் என முடிவு கட்டுதல் பொருந்துமோ எனின், பொருந்தாது என்க. தூர்வாருதல் நம் பழைய வழக்கு. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தைக் கூறும். ஏரியில் குழிகுத்தி மண்ணெடுத்துக் கரையில் இடுதற்கு விடப்பட்ட அறக்கொடைகளையும் சோழர் கல்வெட்டுகள் சுட்டும். தூர்வாரிய குளத்தில் முன்னை நூற்றாண்டுகளின் படிவு இராது. எஞ்சிய வண்டலின் அடி, இறுதியாக வாரிய காலத்தையே காட்டும்.

குழாயும் பிழை செய்யும். உராய்வால் உள்ளேறும் மண் குறுகும். மேலடுக்குக் குழைசேறு விலகியோடும். லிவிங்ஸ்டன் 1955இல் வெளியிட்ட உந்துதண்டுக் கருவி இக்குறையைத் தணித்ததேயன்றி ஒழித்திலது. நீர்வரத்து வாயில் மணலும் மடையருகே நுண்சேறும் படிதலின், ஒரு குழாய் மண் குளம் முழுமைக்கும் சான்றாகாது.

ஆகவே கரையடியையும் அகழ்ந்து காண்டல் வேண்டும். கரை எழுப்பிய நாளில் மூடுண்ட பழந்தரை தூர்வாருவோர் கைக்கு எட்டாதது.