இலுப்பைப்பூப் பாகும் 1892ஆம் ஆண்டுச் சட்டமும்

‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்னும் பழமொழியை, நல்லது கிடைக்காத இடத்தில் கிடைத்ததைக் கொண்டு அமைவதற்கான சமாதானமாகவே தமிழ் வழக்கு எடுத்துக்கொள்கிறது. மத்திய, மேற்கு இந்தியாவின் காட்டோர ஊர்களிலோ அது நேர்ப்பொருளிலேயே உண்மை. அங்கு மகுவா எனப்படுவது இலுப்பையின் வடபுல வகையே.

மார்ச், ஏப்ரல் மாதங்களில், இலையுதிர்ந்த கிளைகளில் கொத்துக் கொத்தாகப் பூத்து, சதைப்பற்றுள்ள பூக்கள் விடியலில் தாமாகவே உதிர்கின்றன. மரத்தடிச் சருகைக் கொளுத்தித் தரையைத் துப்புரவாக்கி வைத்திருக்கும் பெண்களும் சிறுவர்களும் அவற்றைக் கூடைகளில் பொறுக்குகின்றனர். பூவை அலசி, மகரந்தத் தாள்களை நீக்கி, நீரில் வேகவைத்துத் துணியில் வடிகட்டி, அச்சாற்றைச் சிறுதீயில் சுண்டக் காய்ச்சினால் கரும்பழுப்பு நிறப் பாகு திரளும். ரோசாப்பூ சர்பத்துக்குச் சர்க்கரை வெளியிலிருந்து வந்தாக வேண்டும். இங்கோ பூவே சர்க்கரை. உலர்ந்த பூவின் எடையில் ஏறத்தாழப் பாதி இனிப்புச் சத்துதான்.

அந்த இனிப்பே வினையாயிற்று. ஊறிய பூவைக் காய்ச்சினால் பாகு. நொதிக்கவிட்டு வடித்தால் சாராயம். 1878ஆம் ஆண்டின் பம்பாய் அப்காரிச் சட்டம் சாராய உற்பத்தியை அரசின் பிடிக்குள் கொண்டுவர முனைந்தது. ஆனால் காட்டூர்களில் வீட்டுக்கு வீடு வடிப்பதை எந்தக் காவலரால் தடுக்க இயலும்? 1892இல் மௌரா சட்டத்தின் வழியே அரசு பூவின் மீதே கைவைத்தது. தாணா, கொலாபா மாவட்டங்களில் பூவைத் திரட்டுவதும் கொண்டுசெல்வதும் விற்பதும் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயின. அப்பகுதியில் பூ உணவாகப் பயன்படுவது சொற்பமே, சாராயத்துக்கே அது செல்கிறது என்பது அரசுத் தரப்பின் வாதம். விந்தை என்னவெனில், அதே ஆண்டுகளில் வெளிவந்துகொண்டிருந்த ஜார்ஜ் வாட்டின் இந்திய விளைபொருள் அகராதி, மகுவாப் பூவை ஏழையரின் உணவாகவும் விரிவாகவே பதிவுசெய்துள்ளது. ஒரே பேரரசின் இரு மேசைகளில் ஒரே பூ இரண்டு பொருளாகக் கிடந்தது.

கலால் ஆவணங்கள் வரி தரும் பொருளையும் வரிக்குத் தப்பும் பொருளையும் மட்டுமே காண்பவை. வீட்டு அடுப்பில் காய்ச்சி வீட்டிலேயே தீர்ந்துபோன பாகு இவ்விரண்டிலும் சேராது. அவ்வாவணங்களையே நம்பி எழுதப்படும் மகுவாவின் வரலாறு பெரும்பாலும் சாராயத்தின் வரலாறாகவே நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

விடுதலைக்குப் பின் வந்த 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டமும் இப்பூவை விட்டுவைக்கவில்லை. மகாராட்டிர அரசு அக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது 2021இல்தான்.