கம்பியில்லா வீட்டுத் தானியக்கம்

வீட்டு விளக்கு, மின்விசிறி, கதவுப் பூட்டு, உணரி முதலியவற்றை வானொலி அலைகளால் இணைத்து, தொலைவிலிருந்தோ தாமாகவோ இயங்கச் செய்வது கம்பியில்லா வீட்டுத் தானியக்கம். இதற்கு முன்னோடியான எக்ஸ்10 முறையை 1975இல் ஸ்காட்லாந்தின் பிகோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அதில் கட்டளைகள் வீட்டு மின்கம்பி வழியே சென்றன. பின்னர் டென்மார்க்கில் பிறந்த இசட்-வேவும், 2003இல் வெளியான ஐஇஇஇ 802.15.4 தரத்தின்மேல் அமைந்த ஜிக்பீயும் பரவலாயின.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வைஃபை பல்பு ஒன்றை வாங்குகிறார்கள். தனி மையக்கருவி வேண்டாம் என்பதே காரணம். ஆனால் கருவிகள் பெருகும்போது ரவுட்டரின் சுமை ஏறும். வைஃபை மின்சாரத்தை அதிகம் உறிஞ்சுவதால் பேட்டரியில் இயங்கும் உணரிகளுக்கும் அது ஏற்றதல்ல. ஜிக்பீயின் வேகம் நொடிக்கு 250 கிலோபிட்தான். ஆயினும் விளக்கைப் போடவும் அணைக்கவும் அதுவே தாராளம். சிறு பேட்டரி மாதக்கணக்கில் உழைக்கும்.

ஜிக்பீ வலைப்பின்னலாக இயங்குகிறது. நேரடி மின்சாரத்தில் இருக்கும் பிளக்கும் சுவிட்சும் அடுத்த கருவியின் செய்தியை வாங்கிக் கடத்தும். பேட்டரிக் கருவிகள் கடத்துவதில்லை. செங்கல், கான்கிரீட் சுவர்கள் அலையை வலுவிழக்கச் செய்யும் நம் வீடுகளில் இது முக்கியம். ஆகவே முதலில் அறைக்கொரு ஸ்மார்ட் பிளக், அதன்பின் உணரிகள் என்ற வரிசையே நல்லது. வைஃபையும் ஜிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பகிர்வதால் மையக்கருவியை ரவுட்டருக்கு ஒட்டி வைக்கக் கூடாது. இசட்-வேவுக்கு இந்த நெருக்கடி இல்லை. இந்தியாவில் அது 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகிறது.

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் மொழிச் சிக்கலைத் தீர்க்க 2022 அக்டோபரில் மேட்டர் தரம் வந்தது. ஆப்பிள், கூகுள், அமேசான் ஆகிய மூன்றும் இதில் சேர்ந்திருக்கின்றன. வைஃபை, ஈதர்நெட், திரெட் என்னும் கம்பியில்லா வலைப்பின்னல் முறை ஆகியவற்றின்மேல் இது இயங்கும்.

சுவிட்ச் மாற்றும்போதுதான் உண்மையான தடை எதிர்ப்படும். பல ஸ்மார்ட் சுவிட்சுகள் நியூட்ரல் கம்பியைக் கேட்கின்றன. பிளக் பாயின்ட் உள்ள சுவிட்ச்போர்டில் நியூட்ரல் இருக்கும். மாடிப்படி விளக்கின் தனிப் பெட்டியில் பெரும்பாலும் இருக்காது. வாங்குமுன் எலக்ட்ரீஷியனிடம் திறந்து பார்க்கச் சொல்வது பணத்தை மிச்சப்படுத்தும். கீசர், தண்ணீர் மோட்டார் போன்றவற்றைச் சாதாரண ஸ்மார்ட் பிளக்கில் மாட்டுவது ஆபத்து. கீசருக்கு 16 ஆம்பியர் தாங்கும் கருவி வேண்டும். மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் மிகுதி என்பதால் அதற்குக் கான்டாக்டர் என்னும் கனரகச் சுவிட்ச் வழியே இணைப்பு தேவை.

எந்தத் தரமானாலும், கட்டளை வீட்டுக்குள்ளேயே நிறைவேறுகிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் மேகக் கணினியை மட்டுமே நம்பும் கருவி, இணையம் துண்டிக்கப்பட்டால் செயலியின் கட்டளைக்கு அசையாது. நிறுவனம் சேவையை நிறுத்தினால் அதன் திறனே போய்விடும். 2013இல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்னும் திறமூல மென்பொருள், வீட்டிலுள்ள சிறு கணினியிலேயே எல்லாவற்றையும் நடத்த வழிசெய்கிறது. கற்க அதிக நேரம் பிடித்தாலும் நெடுங்காலத்துக்கு அதுவே உகந்தது. மையக்கருவியையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்தால் மின்வெட்டின்போதும் பேட்டரி உணரிகளின் எச்சரிக்கை வந்து சேரும்.