சர்வரை யார் பார்த்துக்கிறது? எசெக்ஸ் முதல் செட்டிநாட்டுக் கிட்டங்கி வரை

இந்த எபிசோட்ல ஒரு கேள்வியோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். ஆன்லைன்ல ஓர் ஊரை உருவாக்கி, அதுல ஐம்பது, நூறு பேரை வாழ விட்டா, அந்த ஊரை தினமும் யார் பார்த்துக்கிறது? எவ்வளவு நேரம்? எத்தனை வருஷம்?

ரோல்பிளே சர்வர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. ஜிடிஏ ஃபைவ் மாதிரி ஒரு விளையாட்டை எடுத்துக்கிட்டு, ஃபைவ்எம் மாதிரி ஒரு மென்பொருள் வழியா, தனி விதிகளோட ஒரு நகரத்தை நடத்துவாங்க. சுருக்கமா ஆர்பி சர்வர். அங்க ஒருத்தர் போலீஸ், ஒருத்தர் மெக்கானிக், ஒருத்தர் டீக்கடைக்காரர். உள்ளே போயிட்டா அந்த ஆளாகவே பேசணும், அந்த ஆளாகவே நடக்கணும். தமிழ்லயே பேசி விளையாடுற சர்வர்களும் இருக்கு. புதுசா ஆரம்பிக்க நினைக்கிறவங்க எல்லாரும் என்கிட்ட கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, மாசம் எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். வாடகை சர்வருக்கு ஆகிற பணத்தை ஒரு வழியா திரட்டிடலாம். நேரத்தைத் திரட்டுறதுதான் கஷ்டம். அதை ஏற்கெனவே பட்டுத் தெரிஞ்சுகிட்டவங்க கதைதான் இன்னைக்கு.

ராத்திரியில் மட்டும் திறந்த உலகம்

1978. இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகம். ராய் ட்ரப்ஷா என்ற மாணவர், அங்கிருந்த பிடிபி-10 என்ற பெரிய கணினியில் ஒரு விளையாட்டை எழுதத் தொடங்கினார். படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். "நீங்கள் ஒரு குறுகலான பாதையில் நிற்கிறீர்கள்" என்று திரையில் வரும். "வடக்கே போ" என்று தட்டினால் அடுத்த இடம் வரும். இதில் புதுமை என்னன்னா, அதே பாதையில் அதே நேரத்தில் இன்னொரு நிஜ மனுஷனும் நிற்கலாம். அதன் பேர் மட். இன்னைக்கு நாம ஆடுற ஆன்லைன் ரோல்பிளே உலகங்களுக்கு அது கொள்ளுத்தாத்தா முறை.

1980-இல் ட்ரப்ஷா படிப்பை முடித்துக் கிளம்பும்போது, பொறுப்பு ரிச்சர்ட் பார்ட்டில் கைக்கு வந்தது. அவரும் மாணவர்தான். முதல் கைமாற்றமே ரெண்டு வருஷத்துக்குள்ள நடந்திருக்கு, கவனிச்சீங்களா?

வெளியாட்களும் தொலைபேசிக் கம்பி வழியாக உள்ளே வர ஆரம்பித்தபோது, பல்கலைக்கழகம் ஒரு நிபந்தனை வைத்தது: கணினிக்கு வேற வேலை இல்லாத ராத்திரி நேரத்தில்தான் ஆடலாம். அதனால ஊரே தூங்கிய பிறகுதான் அந்த உலகம் விழிக்கும். அப்போ அதைப் பார்த்துக்கிட்டது யார்? நிறையப் புள்ளி எடுத்து உச்சிக்குப் போன ஆட்டக்காரர்களுக்கு "விசர்ட்" என்று பட்டம் கொடுத்து, அதிகாரத்தையும் கொடுத்தார்கள். இன்னைக்கு அட்மின், மாடரேட்டர்னு சொல்றோமே, அந்த வேலையைத்தான் அவங்க பார்த்தாங்க. சம்பளம் கிடையாது, பட்டம்தான் சம்பளம்.

வேண்டாம் என்று விலகிய விசர்ட்கள்

அடுத்த கதை அமெரிக்காவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில். பாவெல் கர்டிஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1990-இல் லாம்டாமூ என்ற உலகத்தைத் தொடங்கினார். இதுவும் எழுத்து உலகம்தான். தன்னோட வீட்டையே அதற்கு மாதிரியாக வைத்தார். உள்ளே வந்தவர்கள் அந்த வீட்டுக்குப் பக்கத்தில் தங்கள் அறைகளை, தோட்டங்களை, தெருக்களை எழுதிச் சேர்த்தார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது.

கூட்டம் பெருகினா என்ன பெருகும்? பஞ்சாயத்து. இவன் என் அறைக்குள்ள வந்துட்டான், அவ என்னைத் திட்டிட்டா, இவனை வெளியேத்துங்க. விசர்ட்கள் எந்நேரமும் வழக்குத் தீர்த்துக்கொண்டே இருந்தார்கள். 1992 டிசம்பரில் கர்டிஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: இனி விசர்ட்கள் தொழில்நுட்ப வேலையை மட்டும் பார்ப்பார்கள், மனுஷங்களுக்குள் நடக்கும் தகராறுகளை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களில், 1993-இல், ஓர் ஆட்டக்காரர் ஒரு நிரலைப் பயன்படுத்தி, மற்றவர்களின் பாத்திரங்கள் தாங்களே ஆபாசமாக நடந்துகொள்வது போல எல்லார் முன்னாலும் காட்டினார். பாதிக்கப்பட்டவர்கள் கொதித்தார்கள். நீக்கலாமா, யாருக்கு அந்த அதிகாரம் என்று நீண்ட விவாதம் நடந்தது, முடிவு வரவில்லை. கடைசியில் ஒரு விசர்ட் தானாகவே அந்தக் கணக்கை அழித்தார். அப்போ வெளியூர்ப் பயணத்தில் இருந்த கர்டிஸ், திரும்பி வந்து மனு போடுவது, வாக்கெடுப்பு நடத்துவது என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். அதுவும் முழுசா நிக்கல. 1996-இல் விசர்ட்கள் மறுபடி அதிகாரத்தைத் தங்கள் கைக்கே எடுத்துக்கொண்டார்கள்.

ஆக, அட்மின் ஒதுங்கிட்டா வேலை காணாமப் போயிடாது. யாராவது ஒருத்தர் மடியில வந்து உட்காரும்.

அந்த மணி நேரத்துக்கு விலை உண்டா?

இதே பத்தாண்டில் அமெரிக்கா ஆன்லைன், அதாவது ஏஓஎல், ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்து அரட்டை அறைகளைப் பார்த்துக்கொண்டது. இணையத்துக்கு மணிக்கணக்கில் காசு வாங்கிய காலம் அது. தன்னார்வலர்களுக்கு இலவச இணைப்பு கிடைத்தது. பதிலுக்கு வாராவாரம் குறிப்பிட்ட நேரம் வேலை, அறிக்கை, பயிற்சி எல்லாம் உண்டு. 1996 கடைசியில் ஏஓஎல் மாதத்துக்கு ஒரே கட்டணம் என்று மாறியது. இலவச இணைப்போட மதிப்பு ஒரே நாளில் சுருங்கிடுச்சு; வேலை மட்டும் அப்படியே இருந்தது. 1999-இல் முன்னாள் தன்னார்வலர்கள், "நாங்கள் செய்தது வேலை, கூலி கொடுங்கள்" என்று வழக்குப் போட்டார்கள். அது 2010-இல் 1.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அல்டிமா ஆன்லைன் என்ற ரோல்பிளே விளையாட்டின் தன்னார்வலர்களும் இதே போல நீதிமன்றம் போனார்கள்.

நம்ம ஊர் ஆர்பி சர்வர்ல வழக்குப் போட யாரும் இல்லை. எல்லாரும் நண்பர்கள். ஆனா மணிக்கணக்கு அதேதான். நான் 2020-லிருந்து ரெண்டு வருஷம் ஒரு தமிழ் சர்வர்ல அட்மினா இருந்தேன்; பேர் வேண்டாம். ராத்திரி 8 மணிக்குக் கூட்டம் சேரும். உள்ளே வர விரும்புறவங்க தங்கள் பாத்திரத்தோட கதையை எழுதி அனுப்பணும். அதைப் படிக்கணும், குரல்ல பேசிப் பார்க்கணும், அப்புறம்தான் வைட்லிஸ்ட்ல பேர் சேரும். டிஸ்கார்ட்ல புகார் வரும்: "விதியை மீறி என்னை இடிச்சுட்டான்." வீடியோவைப் பார்த்து, ரெண்டு பக்கமும் கேட்கணும். விளையாட்டுக்கு புது அப்டேட் வந்தா பாதி ஸ்கிரிப்ட் வேலை செய்யாது; ஒருத்தர் விடிய விடிய உட்கார்ந்து சரி பண்ணணும். ஒரு வாரம் முழுக்கக் குறிச்சு வெச்சுப் பார்த்தேன்: என் பங்கு மட்டும் 22 மணி நேரம்.

அந்த சர்வரை ஆரம்பிச்ச நண்பனுக்கு பெங்களூருல வேலை கிடைச்சது, அதுவும் நைட் ஷிஃப்ட். வாடகை அவன் கார்டுல, பாஸ்வேர்ட் அவன்கிட்ட, பேக்கப் அவன் லேப்டாப்ல. ஒரு ஞாயித்துக்கிழமை "இனி முடியலடா" என்று ஒரு வரி போட்டான். அவ்வளவுதான். உள்ளே கடை வெச்சவங்க, கல்யாணம் பண்ணவங்க, போலீஸ்ல படிப்படியா இன்ஸ்பெக்டர் ஆனவங்க, எல்லாரோட ரெண்டு வருஷக் கதையும் அதோட போச்சு. அவன் மேல எனக்குக் கோபம் இல்லை. ஒரே ஆள் தலையில அத்தனையும் இருந்ததுதான் பிரச்சினை.

கிட்டங்கியில் மூணு வருஷம்

இங்கதான் எனக்கு எங்க ஊர் ஞாபகம் வந்தது. எனக்குக் காரைக்குடி. தூரத்துல இருக்கிற ஓர் இடத்தை, ஆள் மாறி ஆள் வெச்சு, பல தலைமுறைக்கு அறுபடாம நடத்துறது எப்படின்னு இந்தப் பக்கத்து ஆட்கள் ஒரு முறையே வெச்சிருந்தாங்க. நம்ம தெருவுல பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளைக் கட்டின பணமே அந்த முறையில வந்ததுதான்.

நகரத்தார் இலங்கை, பர்மா, மலாயா, சைகோன் என்று போய் வட்டிக்கடை நடத்தினார்கள். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக அன்றைய வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்தியது அவர் அனுப்பிய ஆட்கள். இதைத்தான் "கொண்டு விற்கப் போறது" என்பார்கள்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலோ, ரங்கூன் மொகல் தெருவிலோ இருந்த கிட்டங்கியை கற்பனை பண்ணிப் பாருங்க. நீளமான ஒரு கூடம். தரையில் வரிசையாக ஒவ்வொரு கடைக்கும் ஒரு சின்ன இடம், முன்னால் ஒரு மரப்பெட்டி, அதுதான் மேசை. அதே கட்டடத்தில் சாப்பாடு, அதே இடத்தில் தூக்கம். பக்கத்துக் கடைக்காரர் போட்டியாளர்தான், ஆனா நடப்பு வட்டி என்ன என்பதை கோயிலில் கூடி எல்லாருமாகப் பேசி முடிவு பண்ணுவார்கள்.

இதில் நம்ம கேள்விக்கு உதவுற விஷயம் மூணு.

முதலாவது, தவணை. ஒரு மேலாளின் காலம் பொதுவாக 3 வருஷம். சம்பளச் சீட்டு எழுதி, ஒரு பகுதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு கப்பல் ஏறுவார். காலம் முடிந்தால் ஊர் திரும்புவார். எப்போ முடியும் என்று தெரிந்தேதான் ஆரம்பிக்கிறார்.

ரெண்டாவது, படி. சின்னப் பையனாகப் போனால் பெட்டியடிப் பையன். எடுபிடி வேலை, எழுத்து, கணக்கு எல்லாம் கண்ணால் பார்த்துப் பழகணும். அப்புறம் அடுத்தாள். அதற்கப்புறம் மேலாள். சிங்கம்புணரியில் பிறந்து மேடானில் கடை வேலை பார்த்த ப. சிங்காரத்தோட நாவல்களைப் படிச்சவங்களுக்கு இந்த உலகம் பழக்கமாக இருக்கும். மேலாள் கிளம்பும்போது, அவர் வேலையைப் பார்த்தே வளர்ந்த ஒருத்தர் ஏற்கெனவே இருப்பார்.

மூணாவது, பேரேடு. யாருக்கு எவ்வளவு கடன், என்ன அடமானம் என்பது மேலாளின் தலையில் மட்டும் இருக்காது. எல்லாம் ஏட்டில் இருக்கும். அதன் கணக்கு முறையாக ஊருக்கு வந்து சேரும். பாக்கியையும் பத்திரங்களையும் ஒப்படைத்த பிறகுதான் பழையவர் விடுபடுவார்.

இதை ரொம்பப் புகழ்ந்துடக் கூடாது. அந்த மூணு வருஷத்தின் இன்னொரு பாதியை வீட்டில் இருந்த பெண்கள் சுமந்தார்கள். குழந்தை, விவசாயம், கல்யாணம், சாவு எல்லாம் அவங்க பொறுப்பு. பர்மாவில் 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடனைக் கட்ட முடியாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால்வாசி நிலம் செட்டியார் கைக்கு வந்தது. பர்மிய விவசாயிக்கு அது எப்படி இருந்திருக்கும்? 1942-இல் ஜப்பான் படை வந்தபோது அந்த உலகமே கலைந்தது. இன்னொண்ணு, இந்த முறை நின்றதற்கு சாதியும் உறவும் பெரிய காரணம். மேலாள் ஏமாற்றினால் ஊர்ல பெண் கொடுக்க மாட்டாங்க. டிஸ்கார்ட்ல புனைபெயரோட இருக்கிற ஒரு மாடரேட்டருக்கு அந்தக் கட்டு எதுவும் கிடையாது.

கட்டு இல்லாத இடத்துக்குத்தான் எழுதி வெச்ச முறை இன்னும் அதிகமா தேவைப்படுது. ட்ரப்ஷாவுக்கு ஒரு பார்ட்டில் கிடைத்தது அதிர்ஷ்டம். கர்டிஸ் களைத்துப்போன விசர்ட்களைக் காப்பாற்ற அதிகாரத்தையே கைவிட்டுப் பார்த்தார். ஏஓஎல் நேரத்துக்கு விலையே இல்லை என்று நினைத்தது. கிட்டங்கிக்காரர்கள் மட்டும், மனுஷன் ஒரு நாள் கிளம்பிடுவான் என்பதை முதல் நாளே கணக்கில் சேர்த்தார்கள்.

சர்வர் ஆரம்பிக்கப் போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். அட்மினுக்கு ஆறு மாசத் தவணை வைங்க. முடிஞ்சதும் அவர் கௌரவமா வெளியே போகட்டும், விருப்பம் இருந்தா திரும்பி வரட்டும். ஒவ்வொரு அட்மின் பக்கத்துலயும் ஒரு பெட்டியடிப் பையன், இல்ல பொண்ணு, முதல் வாரத்துலேருந்தே இருக்கட்டும். பாஸ்வேர்ட், பேக்கப், வாடகைத் தேதி, தீர்த்த புகார்கள் எல்லாம் குறைஞ்சது ரெண்டு பேர் பார்க்கிற ஏட்டுல இருக்கட்டும். வாரத்துக்கு யார் எத்தனை மணி நேரம் தருவாங்கன்னு கூச்சப்படாம எழுதி வாங்குங்க.

அப்புறம், போஸ்டர்ல "24 மணி நேர சர்வர்" என்று போடாதீங்க. பார்த்துக்க ஆள் இருக்கிற நேரம் ராத்திரி 8-லிருந்து 12 வரைக்கும்தான்னா, அதையே போடுங்க. மட் ராத்திரியில் மட்டும்தான் திறந்தது. அது தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல ஆன பிறகும், நாம இன்னைக்கு அதைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்.