"சத்தியமா இவர்தான்!" - ஒரே பொய் அடையாளத்துக்கு இரண்டு முறை பலியானவர்



பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் வகுப்பறைப் பஞ்சாயத்து எத்தனையோ தீர்த்திருக்கிறேன். "டீச்சர், இவன்தான் எடுத்தான், நான் கண்ணால பார்த்தேன்" என்று ஒரு பிள்ளை அடித்துச் சொன்னால் போதும், நம்பிவிடுவேன். தடுமாறாமல் சொல்பவர் உண்மையைத்தான் சொல்வார் என்று நினைத்த காலம் அது. அந்த நினைப்பு ஒரு மனிதரின் வாழ்க்கையை எப்படிச் சிதைத்தது என்பதை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1895 டிசம்பர் 16. லண்டன் விக்டோரியா தெரு. அடால்ஃப் பெக் என்ற நார்வே நாட்டுக்காரரை ஒரு பெண் மறித்தார். என் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் ஏமாற்றி வாங்கிப்போனவர் நீங்கள்தான் என்றார். பெக் மறுத்தார். போலீஸ் அவரைத்தான் பிடித்தது.

தன்னை ஒரு பிரபு என்று சொல்லிக்கொண்டு, செல்லாத காசோலையைக் கொடுத்துப் பெண்களின் நகைகளை வாங்கிச் செல்லும் ஒருவனை அவர்கள் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தார்கள். ஏமாந்த மற்றப் பெண்களை அழைத்து அடையாள அணிவகுப்பு நடத்தினார்கள். தெருவில் போனவர்களைக் கூட்டிவந்து நிறுத்திய அந்த வரிசையில் நரைத்த தலையும் மீசையும் கொண்டவர் பெக் ஒருவர்தான்! பெண்கள் ஒவ்வொருவராக அவரையே காட்டினார்கள்.

1877இல் ஜான் ஸ்மித் என்ற பெயரில் ஒருவன் இதே மோசடிக்காகச் சிறை சென்றிருந்தான். அவனைக் கைது செய்த காவலர், 18 ஆண்டுகள் கழித்து பெக்கைப் பார்த்துவிட்டு, அவனேதான், சந்தேகமே இல்லை என்று சாட்சி சொன்னார். ஆனால் 1877இல் பெக் இருந்தது தென் அமெரிக்காவின் பெரு நாட்டில். அதை நிரூபிக்க அவருடைய வழக்கறிஞர் முயன்றபோது, பழைய வழக்கு இந்த வழக்குக்குத் தொடர்பில்லாதது என்று நீதிபதி அனுமதிக்கவில்லை. 1896 மார்ச்சில் தீர்ப்பு: ஏழு ஆண்டு கடுங்காவல்.

1898இல் உள்துறை அலுவலகத்துக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. பழைய கைதி ஸ்மித்துக்கு விருத்தசேதனம் செய்யப்பட்டிருந்தது; பெக்குக்கு இல்லை. இருவரும் ஒருவராக இருக்கவே முடியாது. ஆனால் அவர்கள் செய்ததெல்லாம், பெக்கின் சிறை எண்ணில் 'பழைய குற்றவாளி' என்று காட்டிய எழுத்தை எடுத்துவிட்டதுதான். சிறையிலிருந்து விடவில்லை. 1901இல்தான் வெளியே வந்தார்.

கதை இதோடு முடியவில்லை. 1904இல் இன்னொரு பெண் இதேபோல் ஏமாந்து புகார் கொடுத்தார். விசாரித்த அதிகாரிக்கு உடனே பெக்கின் நினைவு வந்தது. பெக் வழக்கமாகச் சாப்பிடும் உணவகத்துக்கு அந்தப் பெண்ணை அனுப்பினார். அங்கே அவரால் பெக்கை அடையாளம் காட்ட முடியவில்லை. விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அதிகாரி விடவில்லை. ஏப்ரல் 15 அன்று, பெக் தன் வீட்டைவிட்டு வெளியே வரும் நேரத்தில் அந்தப் பெண்ணைக் காத்திருக்க வைத்தார். இந்த முறை அவர் ஓடிவந்து, இவர்தான் என்று சொல்லிவிட்டார். நீதிமன்றத்தில் ஐந்து பெண்கள் பெக்கை அடையாளம் காட்டினார்கள். மறுபடியும் குற்றவாளி!

நல்லவேளை, அந்த நீதிபதிக்கு மனதில் ஏதோ உறுத்தல். தண்டனை விதிப்பதைத் தள்ளிவைத்தார். பெக் சிறையில் காத்திருந்தபோதே, ஜூலை 7 அன்று, மோதிரங்களை அடகு வைக்கப்போன ஒருவன் பிடிபட்டான். அவன்தான் உண்மையான ஸ்மித். அவனை நேரில் பார்த்த பிறகு, தவறாகச் சொல்லிவிட்டோம் என்று பெண்கள் ஒப்புக்கொண்டார்கள்.

பெக்குக்கு மன்னிப்பும் 5,000 பவுண்டு இழப்பீடும் கிடைத்தன. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! 1909இல் இறந்துபோனார். இந்த அநீதி எழுப்பிய கொந்தளிப்பும் சேர்ந்துதான் 1907இல் இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கான சட்டம் வரக் காரணமாயிற்று.

அந்தப் பெண்கள் பொய் சொன்னார்களா? இல்லை. மனதார நம்பித்தான் சொன்னார்கள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

1998இல் கேரி வெல்ஸ், ஏமி பிராட்ஃபீல்ட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு வீடியோவைக் காட்டி, அதில் வந்தவனைப் புகைப்படங்களில் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அவனுடைய படம் அதில் இல்லவே இல்லை. அதனால் யாரைக் காட்டினாலும் தவறுதான். பிறகு சிலரிடம் மட்டும், சரியான ஆளைக் காட்டிவிட்டீர்கள் என்று சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே அவர்களுடைய உறுதி கூடிப்போனது. முகத்தை நன்றாகப் பார்த்தேன் என்றுகூடச் சொன்னார்கள்!

அதற்காகச் சாட்சியின் உறுதிக்கு மதிப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். நியாயமாக நடத்திய அணிவகுப்பில், யாரும் எதுவும் சொல்வதற்கு முன், முதல்முறை காட்டும்போது இருக்கும் உறுதிக்கு நல்ல மதிப்பு உண்டு என்பதையும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மாதக்கணக்கில் கழித்து நீதிமன்றத்தில் தெரியும் உறுதிதான் நம்மை ஏமாற்றக்கூடியது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பையனின் முகம் நினைவுக்கு வந்தது. ஐந்தாம் வகுப்பு. ஒரு பெண்பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல்போனது. யார் எடுத்தது என்று கேட்டபோது இன்னொரு பிள்ளை முதலில் சொன்னது, "அவன் மாதிரிதான் இருந்துச்சு டீச்சர்." நான்தான், "நல்லா யோசிச்சுச் சொல்லு, அவன்தானே?" என்றேன். "ஆமா டீச்சர்" என்றாள். தலைமை ஆசிரியர் அறைக்குப் போனபோது, "சத்தியமா அவன்தான்!" பையன் அழுதுகொண்டே இல்லை என்றான். நான் கேட்கவில்லை. பிரம்பால் அடித்தேன்.

இரண்டு நாள் கழித்து வேறொரு வகுப்பில் அந்த பாக்ஸ் கிடைத்தது. எடுத்தவனே கொண்டுவந்து கொடுத்தான்.

'மாதிரி' என்ற வார்த்தையைச் 'சத்தியமா' ஆக்கியது அந்தக் குழந்தை இல்லை, நான்தான். பையனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். அடித்ததோ எல்லார் முன்னாலும்.

கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று கரும்பலகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். இப்போது என் பேரப்பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு வந்தால் முதலில் சொன்ன வார்த்தையைத்தான் பிடித்துக்கொள்கிறேன். "அவன்தானே?" என்று மட்டும் கேட்பதே இல்லை. இளைய ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதை நினைவில் வைத்துக்கொண்டால் மகிழ்ச்சி.