நீர்–நீர் இடைமுகத்தில் மின்னேற்றப் பலபடிகள்

நீரில் கரைந்த இரு பலபடிகள் ஒன்றோடொன்று சேராதபோது கரைசல் இரண்டு அடுக்குகளாகப் பிரிகிறது. இரண்டிலும் பெரும்பங்கு நீரே. ஆயினும் நடுவே ஓர் எல்லை நிலைக்கும். காரைக்காலில் அரசலாற்று நன்னீர் கடல்நீரின்மேல் படர்வது வேறு: அலை அடிக்க அடிக்க அவை கலந்துவிடும். பலபடிக் கரைசல்களோ குலுக்கினாலும் திரும்பப் பிரியும்.

1896இல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் பெய்ஜரிங்க் ஜெலட்டினும் அகரும் இவ்வாறு பிரிவதைப் பதிவுசெய்தார். அந்த அகர் தமிழகக் கடற்கரைக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் மீனவப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அதன் மூலப்பொருள்கள். அதே கடலின் கட்டக்கோரைப் பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் எதிர் மின்னேற்றம் மிகுந்த பலபடி.

எல்லாக் கலவையும் ஒரே விதமாகப் பிரிவதில்லை. ஜெலட்டினும் அரபிக் கோந்தும் எதிரெதிர் மின்னேற்றம் பெற்றால் ஈர்த்துக்கொண்டு ஒரே அடுக்கில் செறியும்; மற்ற அடுக்கு ஏறக்குறைய வெறும் நீராகிவிடும். இதற்கு 1929இல் புங்கன்பெர்க் டி யோங், கிரைட் இருவரும் கோஅசர்வேஷன் என்று பெயரிட்டனர்.

1950களில் உப்சாலாவில் ஆல்பர்ட்சன் பாலிஎத்திலீன் கிளைக்கால், டெக்ஸ்ட்ரான் கலவையைச் செல்களையும் புரதங்களையும் பிரிக்கப் பயன்படுத்தினார். காற்றோடு நீருக்குள்ள பரப்பு இழுவிசையில் பல ஆயிரத்தில் ஒரு பங்கே இவ்வெல்லையில் இருப்பதால் மெல்லிய செல்களும் சிதைவதில்லை. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் நொதிகளைப் பிரிக்க இம்முறையை ஆராய்ந்துள்ளது.

ஒரு பலபடி மட்டும் மின்னேற்றம் உடையதானால் நிலைமை சிக்கலாகிறது. இத்துறையின் உயிர்நாடியும் இதுவே. ஒவ்வோர் அடுக்கும் மின்நடுநிலையில் இருக்கவேண்டும். ஆகவே பலபடி ஒதுங்கும் பக்கம் அதன் எதிரயனிகளும் போயாக வேண்டும். தடையின்றித் திரிந்த சிற்றயனிகளை ஒரு பக்கம் அடைப்பது எளிதன்று. அதனால் பிரிதலே தடைபடுகிறது. உப்பு சேர்த்தால் இரு பக்கமும் அயனிகள் நிறைந்து தடை தளர்கிறது.

அயனிகள் சமமற்றுப் பரவுவதால் எல்லையின் இருபுறமும் மின்னழுத்த வேறுபாடு எழுகிறது. சவ்வுகளுக்கு டோனன் 1911இல் விளக்கிய இந்நிலை, சவ்வே இல்லாத நீரெல்லையிலும் உண்டு. 2014இல் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜெலட்டின், டெக்ஸ்ட்ரான் கரைசல்களிடையே அதை அளந்தனர்: சில மில்லிவோல்ட். ஜெலட்டினின் நிகர மின்னேற்றம் சுழியாகும் அமிலநிலையில் அது மறைந்து, அதைக் கடந்ததும் குறி மாறுகிறது. உப்பு குறைந்த கரைசலில் இந்த மின்னழுத்தம் எல்லையின் இழுவிசையை மேலும் தாழ்த்துகிறது.