மீகடத்துதிறனும் அறிஞர் இட்ட வேலியும்

மின்சாரம் பாயும் கம்பி சூடேறுவதை யாவரும் அறிவர். எலக்ட்ரான்களின் ஓட்டத்திற்குக் கம்பியிலுள்ள அணுக்கள் இடையூறு செய்வதே இதற்குக் காரணம். இவ்விடையூற்றை மின்தடை என்பர். தடையே இல்லாமல் மின்சாரம் ஓடுவதும் உண்டோ எனின், உண்டு. முழுக்குளிர் நிலையாகிய சுழியத்திற்குக் கீழ் 273 பாகையிலிருந்து எண்ணப்படும் அளவு கெல்வின். 1911-இல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் என்னும் பேராசிரியர், பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தார். 4.2 கெல்வினில் அதன் மின்தடை திடீரென மறைந்தது. இப்பண்பே மீகடத்துதிறன் எனப்படுவது.

கண்டது ஒரு நாளில். காரணம் விளங்கியதோ 46 ஆண்டுகளுக்குப் பின்னர். 1957-இல் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவர் அதனை விளக்கினர். உலோகத்தில் ஓர் எலக்ட்ரான் செல்லுங்கால், அருகிலுள்ள அணுக்கள் அதன்பால் சற்றே இழுக்கப்படுகின்றன. அந்த அசைவு நீங்குமுன் மற்றோர் எலக்ட்ரான் அதனால் ஈர்க்கப்படுகிறது. ஈரமண்ணில் முன்னவன் பதித்த அடிச்சுவட்டில் பின்னவன் கால்வைத்து நடப்பது போன்றது இது. இவ்வாறு இணைசேர்ந்த எலக்ட்ரான்கள் யாவும் ஒருமித்து நகர்வதால் தடை அற்றுப்போகிறது. இக்கொள்கைக்கு 1972-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து நிகழ்ந்ததே சிந்திக்கத்தக்கது. அணுக்களின் அசைவால் உண்டாகும் இணைப்பு சுமார் 30 கெல்வினுக்கு மேல் நிலைக்காது என்று அறிஞர் பலர் கருதினர். 1973-இல் எட்டிய 23 கெல்வின், பல்லாண்டுகள் எல்லையாகவே நின்றது.

சுவிட்சர்லாந்தில், ஜூரிக் நகருக்கு அருகிலுள்ள ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் அலெக்ஸ் மியூல்லரும் ஜார்ஜ் பெட்னார்ஸும் வேறு வழி சென்றனர். உலோகக் கலவைகளை விடுத்து, பீங்கான் இனத்தைச் சேர்ந்த ஆக்சைடுகளை ஆராய்ந்தனர். 1986-இல், லாந்தனம், பேரியம், செம்பு ஆகியவை சேர்ந்த ஆக்சைடு 30 கெல்வினை ஒட்டிய வெப்பநிலையில் மின்தடையை இழக்கத் தொடங்குவதைக் கண்டனர். ஆயினும் தம் கட்டுரையின் தலைப்பிலேயே ‘கூடும்’ என்னும் ஐயச்சொல்லை அமைத்தனர். அவ்வளவு அடக்கம்! மறு ஆண்டே நோபல் பரிசு அவர்களை நாடி வந்தது.

1987-இல் அமெரிக்காவில் பால் சூ, மாவ்-குவென் வூ ஆகியோரின் குழுக்கள் இட்ரியம் சேர்ந்த ஆக்சைடில் 93 கெல்வினை எட்டின. திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிப்பதாகும். ஆகவே விலைமிகுந்த ஹீலியம் இன்றியே இதனைக் குளிர்விக்க இயன்றது. அவ்வாண்டு மார்ச் 18-ஆம் நாள் நியூயார்க்கில் தொடங்கிய பௌதிக அறிஞர் கூட்டம் பின்னிரவு மூன்று மணி கடந்தும் கலையவில்லை.

இவற்றில் எலக்ட்ரான்களை இணைப்பது யாது? இவ்வாக்சைடுகளின் மூலப்பொருள் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. அதிலுள்ள செம்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை நோக்கிய சிறு காந்தங்களாக விளங்குகின்றன. சில எலக்ட்ரான்களை நீக்கினால் மீகடத்துதிறன் தோன்றுகிறது. காந்தத் தன்மையிலேயே இணைப்பின் வித்து உள்ளது என்று 1987-இல் பிலிப் ஆண்டர்சன் கூறினார். அவ்வழியில் அவருடன் கணக்கிட்டு எழுதியோருள் ஒருவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கணபதி பாஸ்கரன். காந்த அலைவுகளே பசைபோல் இணைக்கின்றன என்பது பைன்ஸ், ஸ்கலாபினோ முதலியோர் கொள்கை. 1993, 1994-ஆம் ஆண்டுச் சோதனைகள், இணையின் வடிவம் நான்கிதழ்ப் பூவை ஒத்தது என்று காட்டின. இது காந்த வழிக் கொள்கைகளுக்கு வலுவூட்டிற்று. எனினும், எல்லோரும் ஒப்பிய முழு விளக்கம் இன்றுவரை பிறக்கவில்லை.

இதற்கிடையே 2015-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், காற்றழுத்தத்தைப்போல் பதினைந்து லட்சம் மடங்கு அழுத்தத்தில், ஹைட்ரஜனும் கந்தகமும் சேர்ந்த பொருள் 203 கெல்வினில் மீகடத்தியாயிற்று. இதனை விளக்குவது எது? அணுக்களின் அசைவைக் கூறும் அந்த 1957-ஆம் ஆண்டுக் கொள்கையே!

ஆகவே, பழைய கொள்கை பொய்யன்று. அதனைச் சுற்றி மனிதர் இட்ட வேலியே பொய்யாயிற்று. கொள்கை கூறுவது வேறு. கொள்கையின் பெயரால் நாம் கூறுவது வேறு. விடை கண்ட கணக்குகளையே மாணவர்க்குக் கற்பிக்கும் வகுப்பறைகளில், விடை காணாத கணக்கு ஒன்றும் கரும்பலகையில் இருத்தல் நன்று. அதனை முடிப்பவன் அவ்வகுப்பிலேயே அமர்ந்திருக்கலாம்.