சுரங்கத்தார் நடந்த கரை

மத்தியதரைக் கடலின் தீவுகளைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூன்று பொருள்களையே பாடிவைப்பர்: ஒலிவ மரம், இடிந்த கோயில், நீலக் கடல். இம்மூன்றும் சாடீனியாத் தீவின் தென்மேற்குக் கரையிலும் உண்டு. ஆயினும் நேபிடா என்னும் சிற்றூரிலிருந்து மசூவா வழியாகப் புஜ்ஜெரு வரை கடலை ஒட்டிய மலைச்சரிவில் நடந்து செல்பவனுடைய காலடியிற் கிடப்பவை வேறு. சிவந்தும் சாம்பல் நிறமாயும் மேடு மேடாகக் குவிந்திருக்கும் அக்கற்கள் இயற்கை இட்டவை அல்ல. ஈயமும் துத்தநாகமும் பிரித்தெடுத்த பின் மனிதர் எறிந்த கழிவுகள் அவை. கற்களின் இடையே தண்டவாளத் துண்டுகள், மலையைத் துளைத்த குகைவாய்கள், கூரையற்ற வீடுகள்.

இன்று இவ்வழிக்குச் சாந்தா பார்பராவின் சுரங்கப் பாதை என்று பெயர். இக்லேசியாஸ் நகரிற் புறப்பட்டு, ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வளைந்து சென்று, மீண்டும் அந்நகருக்கே வந்துசேரும் நீண்ட நடைவழியின் ஒரு பகுதி இது. சுரங்கத் தொழிலாளர் தமக்குக் காவலாகக் கொண்டாடிய புனிதை பார்பரா. வெடிமருந்தோடும் இருளோடும் வாழ்ந்தவர்கள் ஒரு காவலைத் தேடியதில் வியப்பில்லை. கொம்பனிகள் அவர்களுக்கு அளித்த காவல் எத்தகையது என்பதை இக்கரை கூறும்.

இம்மலையின் தாது மிகப் பழங்காலத்திலேயே மனிதரை ஈர்த்தது. பியூனிக்கரும் பின்னர் றோமரும் வழிபட்ட அந்தாஸ் கோயில் இக்கரைக்கு உட்புறமாக, காட்டு மலைகளின் நடுவே நிற்கிறது. அக்கோயிலின் தூண்களைப் படம்பிடிப்போர் பலர். அத்தூண்களுக்குப் பொருள் தந்த மலையின் உட்புறத்தை நினைப்போர் சிலர். றோமப் பேரரசு குற்றவாளிகளையும் தனக்கு வேண்டாதவர்களையும் சுரங்க வேலைக்கு அனுப்பித் தண்டித்தது. பிற்காலத்திற் பாப்பரசராகிய கலிஸ்துவும் 2ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சாடீனியச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டவரே. நடுக்காலத்தில் வெள்ளிக்காகப் பீசா நகரத்தார் வந்தனர். இக்லேசியாஸின் சுரங்க வழமைகளைக் கூறும் சட்டத்தொகுதி 1327ஆம் ஆண்டுக்குரிய பிரதியாக இன்றும் எஞ்சியுள்ளது. அவர்களுக்குப் பின் அரகொன் அரசர் வந்தனர்.

எனினும் நாம் காணும் இடிபாடுகள் இவர்கள் எவருடையவும் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பீட்மொன்ற் அரசின் சுரங்கச் சட்டம் இத்தீவுக்கு வந்தது. நிலத்தின் மேற்பரப்புக்கு உடையவன் ஒருவன். அதன் அடியிலுள்ள கனியத்தை அகழும் உரிமையை அரசு வேறொருவனுக்கு வழங்கலாம் என்பதே அதன் சாரம். கேட்பதற்கு வெறும் சட்ட நுணுக்கம் போலத் தோன்றும். ஆனால் ஆடு மேய்த்த மலையின் வயிறு பரீஸிலும் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் உள்ள பங்குதாரருக்குச் சொந்தமானது இந்த வாயிலாகத்தான். மேய்ப்பனுடைய மகன் தன் தந்தையின் மலைக்குள்ளேயே கூலியாக நுழைந்தான்.

நேபிடாவிற் கடலுக்குச் சற்று மேலே, பாறையின் மடியில், வளைவு வளைவான வாயில்களுடன் ஒரு கற்கட்டடம் நிற்கிறது. 1897இல் எழுந்த லாமார்மொறாத் தாது கழுவுமிடம் அது. தொலைவிலிருந்து பார்ப்பவன் அதனைப் பழைய அரண்மனை என்று மயங்கக்கூடும். எழுதுவோர் சிலர் அவ்வாறு மயங்கியும் இருக்கிறார்கள். தாதுவைக் கல்லிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை இச்சுரங்கங்களிற் பெரும்பாலும் பெண்களுக்கும் சிறுமியருக்கும் உரியது. ஒரே வேலைநாளுக்கு ஆண்கள் பெற்றதிலும் மிகக் குறைந்த கூலி. இக்கரைக்கு வடக்கே மொந்தேவெக்கியோவில் 1871 மே மாதத்தில் ஒரு நீர்த்தொட்டி உடைந்து, அருகிலிருந்த உறைவிடத்தில் இருந்த 11 பெண்களும் சிறுமியரும் மாண்டனர். தாதுவைக் கழுவச் சேர்த்த நீரே அவர்களையும் கொண்டுபோயிற்று.

நேபிடாவைக் கடந்தால் கடலின் நடுவே 133 மீற்றர் உயரமான வெண்சுண்ணப் பாறை எழுகிறது. சீனிக்கூம்பு என்று பொருள்படும் பெயரால் அதனை அழைக்கிறார்கள். அதற்கு நேரெதிரே, மசூவாவின் செங்குத்துப் பாறையில், கடலுக்கு மேலே ஒரு வாயில் திறந்திருக்கிறது. அதுதான் போர்த்தோ பிளாவியா. 1924இல் பெல்ஜியக் கொம்பனி ஒன்றுக்காகச் செசாரே வெச்செல்லி என்னும் பொறியியலாளர் அமைத்த துறை அது. துறை என்றதும் அலைதாங்கியையும் இறங்குமேடையையும் நினைக்கவேண்டாம். மலைக்குள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரு சுரங்க வழிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 600 மீற்றர் நீளம். அவற்றின் இடையே பாறையிற் குடைந்த ஒன்பது தாதுக்கிடங்குகள். மேல்வழியால் வண்டிகளில் வந்த தாது கிடங்குகளில் விழும்; கீழ்வழியில் ஓடும் பட்டை அதனை வெளியே கொணர்ந்து, கடலுக்கு மேல் நீண்ட கையின் வழியாகக் கப்பலின் வயிற்றிற் கொட்டும். அறிவுக்கூர்மை மிக்க அமைப்பு என்பதில் ஐயமில்லை. பொறியியலாளர் அதற்குத் தம் மகளின் பெயரை இட்டார்.

ஆனால் அதற்கு முன்னர் இத்தாதுவைச் சுமந்தவர்கள் யாவர்? தெற்கே தெரியும் சான் பியெத்ரோத் தீவின் கார்லோபோர்த்தே ஊரைச் சேர்ந்த படகோட்டிகள். ஜெனோவாக் கரையிலிருந்து துனீசியாவின் தபார்க்காவுக்குப் பவளம் எடுக்கச் சென்று, 1738இல் இங்கே வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். இன்றும் அவ்வூரார் பேசுவது ஜெனோவா வழக்கே. கரையிலே கிடந்த தாதுவைக் கூடைகளில் தோளிற் சுமந்து பாய்ப்படகில் நிரப்பி, கார்லோபோர்த்தேக்கு ஓட்டிச் சென்று, மீண்டும் கூடைகளிலே சுமந்து பெருங்கப்பலில் ஏற்றினார்கள். கடல் கொந்தளித்தால் வேலை இல்லை. வேலை இல்லையேற் கூலியும் இல்லை. இப்படகோட்டிகளைத்தான் 1897இல் ஜுசெப்பே கவல்லேரா என்ற இளைஞர் சங்கமாகத் திரட்டினார். பீட்மொன்றிலிருந்து வந்த இந்தச் சமதர்மவாதி மருத்துவருமாவார்; தொழிலாளரிடையே பணிபுரிந்ததற்காகச் சிறையும் சென்றார்.

போர்த்தோ பிளாவியாவின் பட்டை ஓடத் தொடங்கியதும் கூடைகளுக்குத் தேவை இல்லாமற் போயிற்று. முதுகை முறிக்கும் சுமை ஒழிந்தது நல்லதே. சுமையோடு சோறும் ஒழிந்தது என்பதுதான் படகோட்டியின் வழக்கு. இயந்திரத்தின் மீது குறையில்லை. இயந்திரம் எவருடைய கையில் இருந்தது என்பதே கேள்வி.

மசூவாவிலிருந்து பாதை மேலேறிப் பின் கலா டொமெஸ்ரிக்கா என்னும் ஒடுங்கிய குடாவுக்கு இறங்குகிறது. கடற்கொள்ளையரைக் கண்காணிக்கக் கட்டிய காவற் கோபுரம் ஒன்று அதன் தலைமாட்டில் நிற்கிறது. கீழே மணலில் தாதுக் களஞ்சியங்களின் சுவர்கள். கொள்ளையரைக் கோபுரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்; களஞ்சியக்காரர் வேறு வழியால் வந்தனர் என்று நகைச்சுவையாகச் சொல்லத் தோன்றுகிறது.

அப்பால் உள்ளது புஜ்ஜெரு. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிற் சுரங்கத்துக்காகவே எழுந்த ஊர் அது. பரீஸைத் தலைமையகமாகக் கொண்ட மல்பிதானோக் கொம்பனியே அங்கு நிலவுடைமையாளன், வீட்டுக்காரன், கடைக்காரன், ஏறக்குறைய அரசும் அதுவே. மேலாளரின் குடும்பத்தாருக்கு நாடகக் கொட்டகை இருந்தது; பிரெஞ்சுப் பேச்சும் உடையும் இருந்தன. சின்னப் பரீஸ் என்று ஊருக்குப் பெயர் வந்தது இவ்வாறே. தொழிலாளிக்கோ கொம்பனிக் குடிசை, கொம்பனிக் கடை, கொம்பனிக் கடன்.

1904இல் மேலாளராக இருந்தவர் அக்கீலே ஜோர்ஜியாடெஸ் என்னும் கிரேக்கர். கோடைகாலத்தில் நண்பகல் வெயிலுக்காக மூன்று மணித்தியால இடைவேளை வழங்குவது வழக்கம். செப்ரெம்பர் மாதத் தொடக்கத்தில், வெயில் தணியுமுன்னரே, அவ்விடைவேளை இரண்டு மணித்தியாலமாகும் என்று அவர் அறிவித்தார். ஒரேயொரு மணித்தியாலம்! கணக்கேட்டில் அது சிறு மாற்றம். அதிகாலையிலிருந்து நிலத்தடியிலும் கழுவுமிடத்திலும் நின்ற உடம்புக்கு அது சிறிதன்று. தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கவல்லேராவும் பத்தெல்லி என்ற தொழிலாளர் தலைவரும் அவர்கள் சார்பிற் பேச முன்வந்தனர்.

செப்ரெம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. மேலாளரின் மாளிகையிலே பேச்சு நடந்துகொண்டிருக்கையில் காலாட்படையினர் ஊருக்குள் வந்தனர். அவர்கள் தங்குவதற்காகத் தச்சுப் பட்டறையை ஒழுங்குசெய்யுமாறு சிலருக்குக் கட்டளை இடப்பட்டது. வேலைநிறுத்த நாளில் வேலையா என்று கூடியிருந்தோர் கொதித்தனர், பட்டறையின் மீது கற்கள் விழுந்தன, படையினர் சுட்டனர். பெலீச்சே லித்தெரா, சல்வத்தோரே மொந்தீஷி என்னும் இருவர் அவ்விடத்திலேயே மாண்டனர். காயமுற்ற ஜுஸ்தீனோ பித்தாவ் பின்னர் இறந்தார். சில வாரங்களின் பின் இறந்த நான்காமவர் ஒருவரையும் சேர்த்துக் கூறுவாரும் உளர்.

சாடீனியாவிற் சுட்ட துப்பாக்கியின் ஒலி வழக்கமாகக் கடலைத் தாண்டுவதில்லை. இம்முறை தாண்டியது. பத்து நாட்களின் பின் சிசிலியில் காஸ்தெல்லூசோ என்னுமிடத்தில் விவசாயத் தொழிலாளர் மீதும் சூடு நடந்தது. மிலானின் தொழிலாளர் மன்று அறைகூவ, செப்ரெம்பர் 16 முதல் இத்தாலி முழுவதும் பொதுவேலைநிறுத்தம் பரவிற்று. அந்நாட்டு வரலாற்றில் அதுவே முதலாவது. வடக்கின் ஆலைத் தொழிலாளி தெற்கின் தீவானுக்காகத் தன் கருவியைக் கீழே வைத்தான். வடக்கையும் தெற்கையும் எவ்வாறு இணைப்பது என்று 1926இல் ஆழ்ந்து எழுதிய அந்தோனியோ கிறாம்சி, புஜ்ஜெருவிற் சூடு நடந்தபோது அதே தீவில் வாழ்ந்த 13 வயதுச் சிறுவன்.

வெற்றி கிட்டியதென்று கூறிவிட முடியாது. தலைமை அமைச்சர் ஜியோலித்தி படையை ஏவாமல் வேலைநிறுத்தம் தானே அடங்கும்வரை காத்திருந்தார். பின்னர் பாராளுமன்றத்தைக் கலைத்து, நவம்பர் மாதத் தேர்தலில், அச்சமுற்ற நடுத்தர வகுப்பாரின் வாக்கைத் திரட்டிக்கொண்டார். சாடீனியச் சுரங்கங்களை ஆராயப் பாராளுமன்றக் குழு அமைந்ததற்கு 1906ஆம் ஆண்டுக் கிளர்ச்சிகளும் வேண்டியிருந்தன. 1920 மே 11இல் இக்லேசியாஸ் நகரில் மீண்டும் சுட்டனர். ஏழு தொழிலாளர் மாண்டனர். அதன் பின் வந்தது பாசிசம்; அது சங்கங்களையே ஒழித்தது.

20ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இக்கரையின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. தாது மலிவாகக் கிடைக்கும் இடங்களை முதல் தேடிப் போயிற்று. கழிவு மட்டும் போகவில்லை. இக்லேசியாஸின் அருகே மொந்தேபோனியிற் செஞ்சேற்று மலை இன்றும் கிடக்கிறது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் வேலையிழந்தோர் சிலர் அங்குள்ள சுரங்கக் குழியொன்றை ஆக்கிரமித்து ஏறத்தாழ ஓராண்டு அதற்குள் இருந்தனர். 2001இற் சுரங்க மரபுப் பூங்காவை அரசு அமைத்தது. அப்போராட்டத்தில் முன்னின்றோர் பின்னர் நடைவழியையும் உருவாக்க உழைத்தனர். ஆகையால் இப்பாதையில் முதுகுப்பையோடு வரும் வெளிநாட்டாரைக் கண்டு ஏளனம் செய்வதற்கில்லை. தாது வண்டி ஓடிய தடமும் கழுதை நடந்த ஒற்றையடி வழியும் புதருக்குள் மறையாமல் இருப்பது அவர்கள் காலாலும்தான்.

போர்த்தோ பிளாவியாவிற்குள் தலைக்கவசம் அணிவித்து அவர்களை அழைத்துச் செல்கிறார்கள். கடல்மேல் திறந்த வாயிலில் நின்று எல்லோரும் சீனிக்கூம்பைப் படம்பிடிக்கிறார்கள். படகோட்டிகள் பாய் விரித்துச் சென்ற கார்லோபோர்த்தே, அவர்களுக்கு இடப்புறமாக, தெற்கே கிடக்கிறது.